ஒரே வீடு, ஒரே சட்டி

போன மாதம் கிளினிக்கில் வேலை செய்யும் இரண்டு இளம் மிஸ்ஸிகள் என்னைப் பார்க்க வந்தார்கள். நர்ஸை எங்கள் மலாக்காவில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். பிள்ளை வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்றால் போதும், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடுமாம். உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். கிள்ளிப் பார்த்துக் கண்டுபிடித்தோம் என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு தூக்கம் வரவில்லை. சீட்டு அடித்துத் தருகிற எதையும் நான் நம்புவதில்லை. அதைவிட, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கும் பெண்பிள்ளையை முறைத்துப் பார்க்கிற மிஸ்ஸியை நம்புவதில்லை. ஏனென்றால் நானே அப்படி ஒரு மிஸ்ஸியாக இருந்தவள்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. என்னை வளர்த்தது கன்னியாஸ்திரீகள். தாய் முகம் தெரியாது. கான்வென்டில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்ததில், யார் ரொட்டி யார் தட்டுக்குப் போகிறது என்று கவனிக்கிற கண் வந்துவிட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷப் பயிற்சி. படுக்கை விரிக்கவும், ஊசி கொதிக்க வைக்கவும், வாயை மூடிக்கொண்டு நிற்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவதுதான் எனக்குச் சரியாக வரவில்லை. வார்டில் வைத்தால் வம்பு என்று நினைத்தார்களோ என்னவோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிற பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு அது.

அங்கே எனக்கு மேலதிகாரி ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. ஒல்லியான உருவம், வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. அவரிடம் யாரும் 'மெலிந்த பிள்ளை', 'குள்ளமான பிள்ளை' என்று சொல்லிவிட முடியாது. உடனே "எதோடை பாத்து?" என்று கேட்பார். யாரோடு ஒப்பிட்டு மெலிவு, எந்த வயதோடு ஒப்பிட்டுக் குள்ளம் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த வார்த்தையைப் பிள்ளையின் பதிவு அட்டையிலிருந்து அடிக்கச் சொல்வார். முதல் மாதத்தில் என் அட்டைகளில் எழுத்தைவிட அடித்தல்தான் அதிகமாக இருந்தது.

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலை தராசு. காய் தள்ளி நிறுக்கிற மேடைத் தராசு அது. தரை சமமாக இருக்கிற இடம் பார்த்து வைத்து, இருபத்தெட்டு ராத்தல் இரும்புக் கல்லை அதன்மேல் ஏற்றி, தண்டு சரியாக நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அதற்கென்று இருக்கிற பதிவேட்டில் 'கல் பார்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள். பையன்கள் சட்டையைக் கழற்றி, பாக்கெட்டில் இருக்கிற கோலி, பம்பரம் எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு ஏறுவார்கள். பெண்பிள்ளைகள் பாவாடை சட்டையோடு ஏறுவார்கள். துணிக்கு ஒரு ராத்தல், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கழிப்போம். உயரத்துக்குச் சுவரில் நாடா. குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படவேண்டும். தலையில் மூலைமட்டத்தை வைக்கும்போது குதிகால் எழும்புகிறதா என்று ஒரு கண் கீழே இருக்க வேண்டும். எழும்பாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் மட்டும் ஏமாற்றினால் பரவாயில்லை. மெலிந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் பால்மாவு கொடுத்த காலம். நிறுக்கிற நாள் தெரிந்தால் முதல் நாள் இரவே பட்டினி போட்டு அனுப்புகிற வீடுகள் உண்டு. 'வீட்டில் என்ன சாப்பாடு' என்று கேட்டால் தாய்மார் சொல்கிற பதிலை அப்படியே எழுதினால் மலாக்கா முழுவதும் அரண்மனைச் சாப்பாடு, இல்லாவிட்டால் மலாக்கா முழுவதும் பஞ்சம். பொய்யைப் பிடிக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே வீட்டுப் பிள்ளைகளின் அட்டைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பேன். ஒரே வீடு, ஒரே சட்டி. ஒன்று தேறி மற்றது வாடினால் பரிமாறுகிற கை சரியில்லை என்று அர்த்தம். கிளேபாங்கில் ஒரு வீட்டில் ஆறு, ஏழு, எட்டு வயதில் மூன்று பிள்ளைகள். இரண்டு பையன்களும் தேறியிருக்க, நடுவில் இருந்த பெண்பிள்ளை மட்டும் குச்சியாக இருந்தாள். போய்ப் பார்த்தால் பையன்கள் தின்று மிஞ்சியதுதான் அவளுக்கு. அதைப் பிடித்ததற்கு டாக்டரம்மாவே தலையாட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் எட்டு வயதுக்குள் இருந்ததால்தான் என் வழி பலித்தது என்பது எனக்குத் தெரியாது.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் காஜா பெராங் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நிறுத்துக்கொண்டிருந்தபோது குணசேகரன் என்ற பையனின் அட்டையும் சாரதா என்ற பெண்ணின் அட்டையும் அடுத்தடுத்து வந்தன. ஒரே வீட்டு விலாசம், இருவரும் ஆறாம் வகுப்பு, இருவருக்கும் பன்னிரண்டு வயது. பையன் அறுபத்திரண்டு ராத்தல். விலா எலும்பை எண்ணலாம். பெண் எண்பது ராத்தல். அவனைவிட நாலு அங்குலம் உயரம். கன்னமும் கையும் உருண்டிருந்தன. பெரியவர்கள் போடுகிற தொளதொள சட்டை போட்டிருந்தாள். தராசில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கையை மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியரிடம் விசாரித்தேன். பையனின் தாய் யுத்தகாலத்தில் காய்ச்சலில் இறந்தவள். பெண்ணின் தகப்பனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனான், திரும்பவில்லை. ஆளுக்கொரு பிள்ளையோடு நின்ற ராமையாவும் காமாட்சியும் யுத்தம் முடிந்ததும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறார்கள். ராமையா தம்பின் போகிற பஸ்ஸுக்கு டிரைவர், விடியுமுன் போய் இருட்டித்தான் வருவார். ஆகப் பையனுக்குக் காமாட்சி மாற்றாந்தாய், பெண் அவள் பெற்றது. இன்னொன்றும் சொன்னார். இந்த முறை சாரதாவை மட்டும் நிறுக்காமல் விட முடியுமா என்று காமாட்சி வந்து கேட்டுவிட்டுப் போனாளாம்.

எனக்கு அது போதும். தாயில்லாத பையன், விலா எலும்பு, மாற்றாந்தாய், தராசிலிருந்து மறைக்கப் பார்க்கிற மகள். அந்தப் பையனை நிறுத்தி, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். கோழி என்றான். அதற்கு முந்தின நாள்? கோழி. தினமும் கோழியா என்றேன். தினமும்தான் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். கம்போங் செட்டிக்குப் பின்பக்கம், பலகை வீடு. முதலில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். பல தலைமுறையாக மலாக்காவில் ஊறிப்போன செட்டி குடும்பத்து அம்மாள். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். காமாட்சி நல்லவள் என்றுதான் ஆரம்பித்தார். நான் துருவித் துருவிக் கேட்கவும், மத்தியானத்தில் அந்தப் பெண்ணுக்கு மட்டும் தனியாக ஏதோ கிண்டிக் கொடுப்பாள், மற்றவர்களுக்கு இல்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு முகம் மாறியது. அதற்குள் நான் காமாட்சி வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுப்படியில் பையன் சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூலையில் சாரதா ஒரு கிண்ணத்தை மடியில் வைத்திருந்தாள். கறுப்பாகக் களி மாதிரி ஏதோ ஒன்று. மேலே நல்லெண்ணெய் மிதந்தது. பக்கத்தில் ஒரு கட்டி கூலா மலாக்கா வெல்லம். என்னைக் கண்டதும் காமாட்சி அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும் அவளுக்கு. உதடு வெளுத்துப் போயிற்று. அது என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை மிஸ்ஸி என்றாள். பையனுக்கும் கொடுத்தாயா என்றேன். பையன்தான் முந்திக்கொண்டு சொன்னான், எனக்கு அது பிடிக்காது என்று. அவன் பயப்படுகிறான் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா அந்த வாரம் ஜாசின் பக்கம் கிராமத்து கிளினிக்குகளுக்குப் போயிருந்தார். காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. நலத்துறை அதிகாரிக்கு நானே நேராக அறிக்கை எழுதினேன். வளர்ச்சி குன்றிய சிறுவன். அவனைவிடப் பதினெட்டு ராத்தல் அதிகமுள்ள, அதே வயதுப் பெண். மாற்றாந்தாய் தன் மகளுக்கு மட்டும் தனி உணவு கொடுத்ததை நேரில் கண்டேன், மறைக்க முயன்றதையும் கண்டேன். பையனை வேறு பாதுகாப்பில் வைப்பது நலம். அழகான கையெழுத்து என்னுடையது.

அறிக்கை வேலை செய்தது. அதிகாரி ராமையாவைக் கூப்பிட்டு விசாரித்தார். ராமையா தன் அக்காளிடம் சொன்னார். தம்பினுக்கு அப்பால் தோட்டத்தில் இருந்த அந்த அக்காள், பேச்சியம்மாள், வெள்ளிக்கிழமை வருவதாகவும் பையனைக் கையோடு கூட்டிப்போய் வளர்ப்பதாகவும் சொல்லி அனுப்பினாள். பத்து வருஷமாக அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை டாக்டரம்மா திரும்பி வந்தார். அறிக்கையின் நகலை மேசையில் வைத்து இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பெடியன் மெலிவு எண்டு எழுதியிருக்கிறீர். எதோடை பாத்து?"

"அவன் வீட்டிலேயே இருக்கிற பெண்ணோடு, டாக்டர். ஒரே வயது."

"அந்த வயசிலை பெட்டையையும் பெடியனையும் ஒரு தராசிலை வைப்பினமோ?"

இருவரின் பழைய அட்டைகளையும் எடுத்து வரச் சொன்னார். நாலு வருஷ அட்டைகள். ஒரு காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் பெண்ணுக்கும் நீலப் பென்சிலால் பையனுக்கும் கோடு போட்டார். ஒன்பது வயதில் இருவரும் ஐம்பது ராத்தல். பத்து வயதில் ஒரு ராத்தல்தான் வித்தியாசம். அதற்குப் பிறகு நீலக்கோடு அதே சாய்வில் வருஷத்துக்கு நாலு ராத்தலாக ஏறிக்கொண்டு போயிற்று. சிவப்புக்கோடு முதலில் ஒன்பது ராத்தல், அடுத்த வருஷம் பதினாறு ராத்தல் என்று நிமிர்ந்து எழுந்தது.

நீலக்கோடு எங்கேயாவது சரிந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியென்றால் பையன் பட்டினி கிடக்கவில்லை, பட்டினி கிடந்தால் அவனுடைய கோடே படுத்துவிடும் என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். சின்ன வயதில் ஆணும் பெண்ணும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான், பெண்ணுக்குக் கொழுப்பு கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். பத்து பதினொன்றில் பெண் முந்திக்கொள்வாள். உயரம் பாயும். இடுப்பிலும் தொடையிலும் பின்கையிலும் கொழுப்பு வைக்கும். பையனுக்கு அது தொடங்கவே இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும். தொடங்கும்போது அவனுக்குத் தோள் அகலும், சதை ஏறும், கொழுப்பு கூடாது. சில பையன்கள் அப்போது இன்னும் மெலிந்ததுபோலத் தெரிவார்கள். இது சோறு செய்கிற வேலை இல்லை, சட்டியைக் குற்றம் சொல்லாதீர் என்றார். பையனின் பின்கையைக் கிள்ளிப் பார்த்தீரா, கையை மடக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தீரா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. விலா எலும்பை மட்டும்தான் பார்த்தேன்.

ஆனாலும் நான் விடவில்லை. தனியாகக் கொடுத்ததை என் கண்ணால் கண்டேனே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

"என்ன குடுத்தவ?"

"ஏதோ கறுப்புக் களி. நல்லெண்ணெய் ஊற்றி, வெல்லம் வைத்து."

டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வை மாறியது.

"உளுத்தங்களியடி பிள்ளை அது. பெரியபிள்ளையான பெட்டைக்கு இடுப்புக்குப் பெலன் எண்டு குடுக்கிறது. உமக்கு ஒருத்தரும் கிண்டித் தரேல்லையோ?"

எனக்கு யார் தருவார்கள். கான்வென்டில் ஒரு சிஸ்டர் துணியைக் கொடுத்து, இனிமேல் கவனமாக இரு என்று சொன்னார், அதோடு சரி.

பெண் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் பிரசவமே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் தமிழ்ப் பெண்கள் வயதுக்கு வந்த மறுநாளே பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடுவார்கள். பெயர் வெட்டப்படும், அட்டை என் பெட்டியிலிருந்து போய்விடும். இரண்டு வருஷமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிறுத்த நான், வயதுக்கு வந்த ஒரு பெண்ணையும் பள்ளிக்கூடத்தில் நிறுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றால் இன்னும் சின்னப் பிள்ளை என்று என் மனத்தில் பதிந்துபோயிருந்தது. அந்தச் சட்டையையும் கட்டிய கையையும் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

அப்படியானால் சாரதா வயதுக்கு வந்ததை வீட்டில் மறைத்து வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா என்னை உடனே போகச் சொன்னார். பெடியன் விஷயத்தைச் சரிப்படுத்தும், பெட்டையின் கதை எங்கள் வாயிலிருந்து வரக்கூடாது என்றார்.

காமாட்சி என்னை உள்ளே விடவில்லை. பின்வாசலில் நிற்க வைத்தே பேசினாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நான் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாயிற்றாம். ராமையா நல்ல மனிதர்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அக்காள் பேச்சைத் தட்டமாட்டார். அவருக்குத் தெரிந்த அன்றைக்கே சாரதா பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடுதான். வருஷக் கடைசிப் பரீட்சையில் அவள் முதலாவதாக வந்தால் தானே ராமையாவிடம் பேசி ஏழாம் வகுப்புக்கு அனுப்புவதாகத் தலைமையாசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. காமாட்சி கடையில் உளுந்து வாங்கினால் நாலு பேர் கேட்பார்கள் என்று குணசேகரன்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கடையில் வாங்கி வருவானாம். சாப்பாட்டைப் பற்றி யார் கேட்டாலும் களி என்று வாயில் வந்துவிடாமல் கோழி என்று சொல்லப் பழகியிருந்தானாம். எனக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை.

நான் வெள்ளிக்கிழமை வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன் என்றேன்.

"எப்படிச் சரி பண்ணுவீங்க? அவ ஏன் குண்டா இருக்கான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

நான் கைப்பையைத் திறந்து மூடினேன்.

"என்னைக் கொலகாரின்னுகூட எழுதிக்குங்க மிஸ்ஸி. பாப்பா விஷயத்தை மட்டும் சொல்லிடாதீங்க."

"அப்படியானால் பையனைக் கொண்டுபோய்விடுவார்களே."

அவள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். ரெண்டு வயசிலிருந்து என் கையில சோறு தின்ன பிள்ளை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியர் அறையில் கூடினோம். நலத்துறை அதிகாரி, தமிழ் பேசும் மலையாளத்துக்காரர், கையில் என் அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். டிரைவர் உடுப்போடு ராமையா. வெற்றிலை போட்ட வாயோடு பேச்சியம்மாள். காலடியில் ஒரு தகரப் பெட்டி, பையன் துணிமணி வைக்க. கதவோரம் காமாட்சி குணசேகரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் டாக்டரம்மாவும் அட்டைகளையும் பதிவேட்டையும் கொண்டுபோயிருந்தோம்.

டாக்டரம்மா பையனைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பின்கையைக் கிள்ளிக் காட்டினார். கையை மடக்கச் சொல்லி ராமையாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கெட்டிச் சதை. பல், கண்ணின் உள்பக்கம், நகம் எல்லாம் பார்த்தார். பிறகு நான் எழுந்து நீலக்கோட்டை மட்டும் காட்டினேன். நாலு வருஷமாக ஒரே சாய்வில் ஏறுகிறது, பையன் ஒழுங்காக வளர்கிறான் என்று சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். ராமையா மூச்சு விட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

"இருங்க," என்றாள் பேச்சியம்மாள். "இவன் ஒழுங்கா வளருறான்னா, அவ மட்டும் எப்படி எம்பது ராத்தலு ஆனா? இந்த மிஸ்ஸிதானே எழுதியிருக்கு. ஒரே வயசு. அவளுக்கு மட்டும் என்னா வந்துச்சாம்?"

கேட்டுவிட்டுக் காமாட்சியை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குள் பாதிப் பதில் இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் மீதியும் அவளுக்கு வந்துவிடும். அதிகாரி என்னைப் பார்த்தார். காமாட்சி என்னைப் பார்க்கவே இல்லை, பையன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எடை தப்பு," என்றேன். "அன்றைக்குத் தராசு சரியில்லை. பெண்பிள்ளைகளை நிறுக்கும்போது தண்டு நகர்ந்திருந்தது. நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன்."

டாக்டரம்மா மெதுவாகப் பதிவேட்டைப் பிரித்தார். அன்றைய தேதியைத் தேடி விரலை வைத்தார்.

"கல்லு பாத்தது எண்டு இதிலை உம்முடைய கையெழுத்து இருக்கே."

"பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன், டாக்டர்."

அவருக்குத் தெரியும், நான் பொய் சொல்கிறேன் என்று. கல் பார்க்காமல் நான் ஒரு நாளும் பிள்ளையை ஏற்றியதில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்தார். அப்ப நான் இதை எழுதத்தான் வேணும் என்றார். எழுதினார். பொய்க் கையெழுத்து என்று என் பெயருக்கு எதிரே எழுதி, அதிகாரியையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த ஒரு வரியால் எனக்கு வரவேண்டிய சிஸ்டர் பதவி, தலைமை நர்ஸ் வேலை, ஆறு வருஷம் தள்ளிப்போயிற்று. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

எடையே தப்பு என்றான பிறகு தனி உணவைப் பற்றி அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை, கோப்பை மூடினார். கவனக்குறைவால் ஒரு குடும்பத்தையே அலைக்கழித்தாய் என்று என்னைக் கண்டித்தார். பேச்சியம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தகரப் பெட்டியைத் தூக்கினாள். ராமையா அவளை பஸ் ஏற்றிவிடப் போனார்.

வராந்தாவில் காமாட்சி எனக்காக நின்றாள். கையெடுத்துக் கும்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று. அவள் கும்பிடவில்லை.

"தராசு தப்புன்னு சொன்னீங்க," என்றாள். "எம் பிள்ளைய நான் பட்டினி போட்டேன்னு எழுதுனீங்களே. அது தப்புன்னு சொல்லலியே."

சொல்லிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு காஜா பெராங் ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள். பதிவேட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவள் சொன்னது உண்மை. அந்த அறையில் ராத்தல், அங்குலம், கோடு, தண்டு என்று எத்தனையோ பேசினேன். அவளை நான் தப்பாக நினைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராமையா காதில் விழும்படி அதைச் சொல்லியிருக்க வேண்டும். இரும்புத் துண்டின்மேல் பழியைப் போட்டுவிட்டு, அதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாரதா முதலாவதாக வந்தாள். ஏழாம் வகுப்புக்கும் போனாள். அடுத்த வருஷம் நிறுத்தபோது அவள் ஆறு ராத்தல்தான் கூடியிருந்தாள், உயரம் ஏறுவது மெதுவாகிவிட்டது. குணசேகரன் மூன்றரை அங்குலம் வளர்ந்திருந்தான், தோள் விரியத் தொடங்கியிருந்தது, குரல் உடைந்திருந்தது. நீலக்கோடு டாக்டரம்மா சொன்னபடியே நிமிர்ந்து எழுந்தது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு காமாட்சியிடம் காட்டலாம் என்று அன்று மாலையே புறப்பட்டேன். கம்போங் செட்டிக் கோவில் வாசல்வரை போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. ராமையாவும் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். சொல்ல நல்ல நேரம். நான் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஊரில் இருந்தோம். காய்கறி வாங்கும் பாசாரில் பார்ப்பேன், கல்யாண வீட்டில் பார்ப்பேன். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். வருஷம் ஆக ஆக, இனிமேல் எதற்கு என்று தோன்றியது. ராமையா கடைசிவரை மனத்தின் ஒரு மூலையில் அந்த அறிக்கையை வைத்திருந்தாரா, வைத்திருக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் வைத்திருப்பேன். நலத்துறைக் கோப்பில் நான் எழுதிய முதல் காகிதம் கடைசிவரை அப்படியேதான் கிடந்திருக்கும். அதை யாரும் கிழிக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ராமையா போய் வெகுகாலம் ஆயிற்று. காமாட்சி போன வருஷம் இறந்தாள். குணசேகரன்தான் கொள்ளி வைத்தான் என்று கேள்விப்பட்டேன். இனி யாருடைய ரகசியமும் இதில் இல்லை. ஆகவே எழுதுகிறேன். காமாட்சி தன் மகனைப் பட்டினி போடவில்லை. தராசு அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது, கல் வைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையது.